இரண்டரைப் பவுண்டு

சமையலறை மேசையில் துப்பாக்கி பிரித்துக் கிடந்தது. குண்டுகள் எல்லாம் ஷெட்டில், பூட்டுக்குள்.

மாவு தேய்க்க இடமில்லாமல் வெர்னா இடுப்பில் கை வைத்து நின்றாள். "காலையிலேருந்து ஒரு ஸ்க்ரூவையே பாத்துக்கிட்டிருக்கே. கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியா?"

"நீ இந்த டிரிகர் மாதிரி ஆறு பவுண்டு இழுத்தாத்தான் அசைவேன்னு அடம் பிடிக்கலையே," என்றான் ரெய்னோ, நிமிராமல்.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசை டிரிகரில் மாட்டி மெல்ல இழுத்தான். ஆறிலிருந்து இறங்கி இப்போது நாலு பவுண்டில் டிக்கென்றது.

ஸ்க்ரூவைத் தளர்த்தினான். மூன்றே கால். இன்னும் கொஞ்சம். மூன்று.

இரண்டரையில் நிறுத்திக்கொண்டான். பிறகு பாகங்களைப் பொருத்தி, அதிர்ச்சியில் டிரிகர் தானாக விழுகிறதா என்று பார்க்க, குண்டில்லாத துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஓங்கி ஓங்கி இடித்தான். இருபது தடவை. விழவில்லை. நாய்தான் எழுந்து வேறு அறைக்குப் போனது.

மறுநாள் வான்கோழிப் போட்டி. ஆளுக்கு ஒரு காகிதம், ஒரு குண்டு. நடுப்புள்ளிக்கு மிக அருகில் சுட்டவருக்கு உறைய வைத்த வான்கோழி ஒன்று.

பத்தொன்பது வருஷமாக ரெய்னோவும் எதிர்வீட்டு ஓபெர்க்கும்தான் அதை மாற்றி மாற்றித் தூக்கிவருகிறார்கள். போன வருஷம் ஓபெர்க். கைக்குழந்தை மாதிரி அதை ஏந்திக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டுப் போனான்.

"இவ்வளவும் செஞ்சுட்டு நாளைக்கு நீ தோத்துட்டு வந்து நின்னா, பண்டிகைக்கு உனக்கு அவிச்ச முட்டைதான்," என்றாள் வெர்னா.

ரெய்னோ துப்பாக்கியை உறையில் போட்டான். பனியில் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஓபெர்க் இடது கையால் திறந்தான்.

மே மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை பாதிதான் சொன்ன பேச்சு கேட்கிறது. அந்தக் கையின் விரலுக்கு டிரிகர் அசையவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவன் வாசல் தாண்டுவதில்லை. போன வாரம் ரெய்னோ விளையாட்டுப் போல அதே விரலில் தராசுக் கொக்கியை மாட்டி இழுக்கச் சொல்லியிருந்தான். முள் மூன்றைத் தொடவில்லை.

"இந்தா, போன வாரம் வாங்கிட்டுப் போன உன் துப்பாக்கி. டிரிகர் இப்ப லேசு, குறி வைக்கிறவரைக்கும் விரலை அதுகிட்ட கொண்டுபோகாதே. நாளைக்குப் பத்து மணிக்கு. வரலைன்னா, பயந்துட்டான்னு ஊர் பூராச் சொல்லுவேன்டா."

ஓபெர்க் வந்தான். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி வெகுநேரம் குறி பார்த்தான். சுட்டான். அடுத்து ரெய்னோ தன் பழைய துப்பாக்கியால் சுட்டான்.

இரண்டு காகிதங்களையும் மூன்று முறை அளந்தார்கள். ஒரு முடி அளவு வித்தியாசத்தில் ஓபெர்க்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஓபெர்க்கின் மனைவி அழுதேவிட்டாள். ஒரு கையால் தூக்க முடியாத வான்கோழியை ரெய்னோதான் அவன் காரில் கொண்டுபோய் வைத்தான்.

திரும்பும்போது வெர்னா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்ல மனுஷன்யா நீ. வேணும்னேதானே விட்டுக்கொடுத்தே?"

ரெய்னோ சாலையையே பார்த்தபடி ஓட்டினான்.

"இல்ல," என்றான். "என் வாழ்நாள்ல நான் அவ்வளவு நல்லா சுட்டதே இல்ல."