நூல் எட்டிய இடம்

ஊராட்சி மன்ற மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. வந்திருக்கும் நிதிக்கு எவ்வளவு தூரம் தார் போடலாமோ அந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டி, பெரிய சாலையிலிருந்து வைத்துப் பார்த்தார்கள். பேறுகாலப் பெண்களைக் கட்டிலில் சுமந்து வரும் மேலக்காட்டுக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை. அந்த வார்டு உறுப்பினர் செல்லக்கனி தலைகுனிந்தார். எதிரே இருந்த உறுப்பினர் ஞானமுத்து, தன் வீட்டு வாசல் வழியாக வளைந்திருந்த நூலை மெல்ல நேராக்கினார். அது மேலக்காட்டைத் தொட்டது.

"அண்ணாச்சி, ரோடு ஒங்க வாசலுக்கு வராதே?" என்றார் செல்லக்கனி.

"ஆண்டவர் குடுத்த காலு இருக்கு, நடக்கேன் தாயி. தொந்தியும் கொறையும்."

எல்லோரும் சிரித்தார்கள். மின்விசிறிக் காற்றில் நூல் அசைந்தது. தலைவி அதன் நுனியில் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக விரல் வைத்தார்கள்.