மஞ்சள் சேலைக்காரி

“யாரு இந்தப் பின்னலை அவுத்தது?”

இவள் கேட்டதும் குழந்தை பிஸ்கட்டைக் கடித்தபடியே நிமிர்ந்து பார்த்தது. “அம்மாதான். ரொம்ப இறுக்கமா இருக்குன்னு அவுத்துவிட்டாங்க.”

இவள் முற்றத்துப் பக்கம் திரும்பி ஒருமுறை முறைத்தாள்.

“காலையில எடுத்த சீன்ல ரெட்டைப் பின்னல். இப்ப தலைவிரிகோலமா நின்னா எடிட்டிங்ல என்னைத்தான் திட்டுவாங்க” என்று சீப்போடு வந்தார் ஹேர் டிரெஸ்ஸர் அக்கா.

“கொடுங்கக்கா, நானே போடறேன்.”

சீப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, குழந்தையை இரு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். ஒரு வருடமாக ஷூட்டிங்கில் அந்தத் தலையை வேறு யாரையும் பின்ன விட்டதில்லை. சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் சிணுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

முற்றத்து மூலையில், மின்விசிறிக்கு நேர் எதிரே மஞ்சள் சேலைக்காரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி, கலையாத கொண்டை. புதிதாக யார் செட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வணக்கம் அந்த நாற்காலிக்குத்தான். வெளுத்த பருத்திச் சேலையில் நிற்கும் இவளைத் தாண்டித்தான் அங்கே போவார்கள்.

குழந்தை அவளையும் அம்மா என்றுதான் கூப்பிடும், இவளையும் அம்மா என்றுதான் கூப்பிடும். எல்லாம் இயக்குநர் செய்த ஏற்பாடு. கேமராவுக்கு வெளியேயும் சீரியல் அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகினால்தான் அழுகை இயல்பாக வருமாம்.

“ரெண்டு பேரை அம்மான்னு கூப்பிட்டா குழந்தைக்குக் குழப்பமா இருக்காதாக்கா?”

“அதுக்கு என்ன குழப்பம்? அதெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் குழப்பம்” என்றார் அக்கா. “வேலைக்கு வந்த இடத்துல மனசை இப்படியா ஆழம் தெரியாம விடுவாங்க?”

“இதை விட்டா எனக்கு வேற யாருக்கா இருக்கா?”

அக்கா ரிப்பனை எடுத்து நீட்டினார்.

பின்னலை முடித்துவிட்டு நேராக இயக்குநரிடம் போனாள். “சார், ஷாட் இல்லாத நேரத்துல பாப்பா யார்கிட்ட இருக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் தலை பின்றேன், அவங்க அவுக்கறாங்க. நான் சோறு ஊட்டினா, அவங்க சாக்லேட்டைக் காட்டி வரச் சொல்றாங்க.”

“நான் ஒரு வார்த்தை சொல்லித்தாம்மா இவ்வளவும் ஆச்சு. பாப்பா அழுதா வீட்டுக்கு வீடு சேர்ந்து அழுவுறாங்க. ஓடுற குதிரையை நிறுத்தி லாடத்தை மாத்தச் சொல்றீங்களா? போங்க, அடுத்தது அந்த ஓடிவர்ற சீன்தான்.”

நாலு நாளாக இவளைத் தூங்கவிடாத சீன் அது. சொத்துக்காகக் குடும்பம் இரண்டாகிறது. நாத்தனார் அண்ணியை வெளியே விரட்டிவிட்டு, குழந்தையை மட்டும் பிடித்துவைத்துக்கொள்கிறாள். குழந்தை அத்தையின் கையைக் கடித்துவிட்டு, அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். கதைப்படி ஒருத்தியிடம் ஓடினாலும், அந்த நேரத்தில் குழந்தையின் மனசுக்குள் எந்த முகம் இருக்கும்? இவளுக்கு அதுதான் தெரிந்தாக வேண்டியிருந்தது.

குழந்தையைத் தனியே இழுத்து மெதுவாகக் கேட்டாள். “ஓடிப்போய் யாரைக் கட்டிக்குவ?”

“அம்மாவை.”

“எந்த அம்மாவை?”

“போம்மா நீ” என்று சிரித்துவிட்டு அது ஓடிவிட்டது.

வாசற்படியில் அத்தை வேடக்காரர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மெதுவாக் கடிடா கண்ணு. நேத்து ஒத்திகையில பதிஞ்ச பல்லே இன்னும் மறையல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்குகள் எரிந்தன. பேச்சு அடங்கியது. மஞ்சள் சேலைக்காரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நடிக்கத் தெரிந்தவளுக்கும் அன்பு காட்டத் தெரிந்தவளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குழந்தைக்குத் தெரியாமலா போய்விடும் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

“ஆக்‌ஷன்.”

அத்தை அதட்டிய அதட்டலில் சுவரே அதிர்ந்தது. குழந்தையின் உதடு பிதுங்கியது. கையைக் கடித்தது. உதறியது. “அம்மா” என்று வீறிட்டுக்கொண்டு ஓடிவந்தது. இவளுடைய கைகள் நீண்டன.

குழந்தை இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் உரசிக்கொண்டு ஓடி, மஞ்சள் சேலையின் மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மியது. அவள் குனிந்து அதை அள்ளி முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பெருமை பிடிபடாத அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க இவளுக்குக் காது மடல்வரை எரிந்தது.

“கட், கட்” என்றபடி இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு எழுந்து வந்தார். “பாப்பா, அழுகை பிரமாதம். ஆனா பெத்த அம்மாகிட்ட ஓடக் கூடாதுடா, அவங்க கேமராவுக்குப் பின்னாடி வேடிக்கை பார்க்க நிக்கறவங்க. உன் சீரியல் அம்மா இதோ, கையை நீட்டிக்கிட்டு இங்க நிக்கறாங்க பாரு.”

நீட்டிய கைகளை மடக்காமல், இவள் அடுத்த டேக்குக்காக அப்படியே நின்றாள்.