கேனில் குறைந்தது

"குடிச்சது நீதானேடா?"

செங்கோட்டையன் மாரப்பனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். கேரள எல்லைக்குள் இருந்த எருத்தேன்பதியில், அவன் வீட்டுக் கார் செட்டில் வெள்ளைக் கேன் கொஞ்சம் குறைந்து நின்றது.

கேனில் இருந்தது மெத்தனால். கார்ப் பந்தயத்துக்கென்று கோயமுத்தூரில் ஒரு பெயிண்டுக் கம்பெனிக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கியது. பெட்ரோலுக்குப் பதில் அதை ஊற்றினால் அவனுடைய பழைய ஹெரால்டு கார்கூடச் சீறிக்கொண்டு பாயும். சாராயம் மாதிரியே வாசம். ஆனால் விஷம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். காரைத் துடைத்து எண்ணெய் போடும் மாரப்பனிடமும் மனைவி பூவாத்தாளிடமும் இதைச் சொல்லியிருந்தான். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

"உன்ன மாதிரி கள்ளுக்கடையே கதின்னு கெடக்கறவனப் பண்ணையத்துல வெக்காதேன்னு எங்கய்யன் அன்னைக்கே சொன்னாரு. தோப்புல ஒத்த மரத்துலகூடக் கள்ளெறக்க உடாத மனுசன் அவரு. அவரு ஊட்டுல வந்து திருடிக் குடிச்சிருக்கறே!"

மாரப்பன் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாங்க. நாந்தானுங்க குடிச்சேன். வயித்தப் பெரட்டுதுங்க. கண்ணு மங்கலாத் தெரியுதுங்க. காரெடுங்க சின்னவரே, ஆசுபத்திரிக்குப் போயர்லாமுங்க."

சத்தம் கேட்டுப் பூவாத்தாள் ஓடி வந்தாள். "ஏனுங்க, அது வெசமுன்னு நீங்கதானே சொன்னீங்க? மொதல்ல சித்தூர் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"பத்து மணிக்கு நான் மைதானத்துல இருக்கோணும். சித்தூருக்குப் போயிட்டு வந்தா பந்தயம் முடிஞ்சே போயிரும்."

"அதுக்காக?"

"திருடிக் குடிச்சவன் கொஞ்சம் அனுபவிக்கட்டும். மோரக் குடுத்துப் படுக்க வெய்யி."

"செத்துக்கித்துப் போயிட்டா?"

"குடிகாரன் ஒடம்பு அது. எல்லாம் தாங்கும்."

கேனைத் தூக்கி டிக்கியில் வைத்தான். மிச்சம் இருந்ததே பந்தயத்துக்குத் தாராளமாகப் போதும்.

கார் நகர்ந்தபோது மாரப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். "நில்லுங்க சின்னவரே! ஒண்ணு சொல்லோணுமுங்க, நில்லுங்க!"

செங்கோட்டையன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் பந்தயம். நட்டுவைத்த கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒவ்வொரு காராக ஓட்டிக் காட்ட வேண்டும். அன்றைக்கு ஹெரால்டு ஓடின மாதிரி அதற்கு முன் ஓடியதே இல்லை. சின்னக் கார்களில் முதல் பரிசு அவனுக்குத்தான்.

கோப்பையைக் கையில் வாங்கியதும் ஒரு மில்காரர் மகன் கேட்டான். "காருக்கு என்ன ஊத்துனீங்க?"

"மெத்தனாலுங்க. அதுலயும் கொஞ்சத்த எங்க பண்ணையாளு குடிச்சுப்போட்டான். மீதியிலதான் இத்தன ஓட்டம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலுதவிக்கென்று வந்திருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ஆளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டீங்களா?"

"காலையிலயே சேத்தாச்சுங்க" என்றான் செங்கோட்டையன், கூசாமல்.

திரும்பும் வழியில்தான் கூசியது. மாரப்பனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் பெண்டாட்டி வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாளே! 'அவனாத் திருடினான், அவனாக் குடிச்சான், நான் என்ன பண்ணட்டும்?' என்று சொல்லிவிட வேண்டியதுதான். எல்லை தாண்டி எருத்தேன்பதி வந்து சேரும் வரைக்கும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள் வேலிக்கு அந்தப் புறம் நின்றாள்.

"எல்லாரும் சித்தூர் ஆசுபத்திரியில தம்பி. காருமில்ல, பஸ்ஸுங் கெடைக்கல. மாட்டு வண்டியக் கட்டிக்கிட்டு வெயிலோட போனாங்க."

செங்கோட்டையன் வேலியருகே போனான். "மாரப்பன் எப்படி இருக்கறான்?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவனுக்கென்ன? வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனதே அவந்தானே. உங்கய்யனுக்கல்லோ முடியல!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுடைய அப்பா ஆறுமுகசாமி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். மகனுக்கு நேராகத்தான் பார்த்தார்.

"யாரது?" என்றார்.

பூவாத்தாள் நிமிரவே இல்லை. உயிர் தப்பிவிட்டது, பார்வை இனி வராது என்று மலையாளத்து டாக்டர் நிதானமாகச் சொன்னார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் கண்ணையும் காப்பாற்றியிருக்கலாமாம்.

செங்கோட்டையன் வெளியே வந்தான். வேப்ப மரத்தடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாரப்பனின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"குடிச்சது எங்கய்யன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடா?"

"சத்தியம் வாங்கிட்டாருங்க. தெனமும் ராத்திரி அவருக்குக் கள்ளு வாங்கியாந்து குடுக்கறவனே நாந்தானுங்க. நேத்து நான் வரல, சாராயமுன்னு நெனச்சு அவரே கேனத் தொறந்துட்டாரு. எம்பையனுக்கு மட்டும் தெரியப்படாதுன்னு காலையில கையப் புடிச்சுக்கிட்டு அழுதாருங்க. அதான் பழிய எம்மேல போட்டுக்கிட்டேன். கார வெளிய எடுத்ததும் அவரையும் ஏத்திக்கலாம்னு பாத்தனுங்க."

மாரப்பன் கயிற்றை உதறிக் கையில் சுற்றிக்கொண்டான். அவன் குரலில் கோபமே இல்லை.

"எனக்குன்னாலும் காரெடுப்பீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க."