கூட வைத்துத் தைத்த கோட்டு

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை நித்திலா முதல் தடவை எழுதிய அன்றே, அவளுடைய அப்பா ஆவுடையப்பன் அவளுக்கு ஒரு வக்கீல் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். "வளர்ற பிள்ளைல்லா, கொஞ்சம் கூட வச்சே தையும்" என்று அவர் சொன்னதைத் தையல்காரர் தாராளமாகவே எடுத்துக்கொண்டார். கூடத்து ஆணியில் தொங்கிய அந்தக் கறுப்புக் கோட்டு, மின்விசிறிக் காற்றில் கையை வீசி வீசி நாளெல்லாம் வாதாடியது. பார்க்க வந்த சித்தப்பா அதனிடமே வரப்புத் தகராறைச் சொல்லி, பதிலும் கேட்டுக்கொண்ட முகத்தோடு போனார்.

இரண்டாம் தடவை எழுதியதற்கும் முடிவு வந்தது. மதிப்பெண் உள்ளூர்க் கல்லூரிக்குப் போதும். விண்ணப்பிக்க இன்று கடைசி நாள்.

"உள்ளூர்க் கல்லூரியா? நம்ம கோட்டுக்கு அது காணாது. இன்னொரு தடவ எழுதுட்டி."

"கோட்டுக்குக் காணாட்டா என்னப்பா, எனக்குக் காணும்லா?"

வழக்கை ஒத்திவைத்த தோரணையில் அப்பா குளிக்கப் போனார்.

நித்திலா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே ஆளில்லாத நீதிமன்றம்போலக் குளிர்ந்தது. கோட்டின் கைகள் இறங்கி இறங்கி முழங்காலைத் தொட்டன. செல்பேசித் திரையில் உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பத்தின் 'சமர்ப்பி' என்ற பொத்தான் மினுங்கியது. அழுத்த விரலைத்தான் காணவில்லை.

"பாத்தியா? இன்னும் ஒரு வருசம் வளரணும்" என்றார் அப்பா, இடுப்பில் ஈரத்துண்டோடு, தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

நித்திலா கோட்டின் கையை ஒரு மடிப்பு மடித்தாள். விரல் வரவில்லை. இன்னொரு மடிப்பு. இன்னும் ஒன்று. கறுப்புத் துணியின் விளிம்பில் ஒரு நகம் உதித்தது.