கடைசிப் படி

தலைச்சோலையில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் ஆஷ்லினுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆட்கள் வருவதிலிருந்து வேலை முடிவது வரை ஒவ்வொரு படியும் அதில் பதிவாகும். கடைசிப் படியில் அவளே புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். வேலை முடிந்ததாகப் பதிவானதும் அவரவர் வீட்டுக்கு ‘கிளம்பிவிட்டார்’ என்று மெசேஜ் போகும்.

ஆடி மழையில் மரத்தில் கிளை கழிக்கும்போது எஸ்டேட் தொழிலாளி மாதப்பன் விழுந்து இறந்தார். ஆஷ்லின் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி கண்ணம்மாள் போனோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“தெனமும் அஞ்சு மணிக்கு அவரு கிளம்பிட்டாருன்னு மெசேஜ் வருது கண்ணு. நிறுத்திப்போடு.”

பட்டியலில் மாதப்பன் இல்லை. கண்ணம்மாளின் முகத்தைப் பார்க்கவே ஆஷ்லினுக்குக் கூசியது. தான் சேர்த்ததை அடியோடு அழித்தாள். அன்று மாலை யார் வீட்டுக்கும் மெசேஜ் போகவில்லை.

ஐந்தரைக்குக் கண்ணம்மாள் போன் செய்தார்.

“ஏனுங்கம்மா, இன்னைக்குமா வந்துச்சுங்க?”

“வந்துச்சு கண்ணு. ‘வந்துவிட்டார்’னு போட்டிருக்குது.”

அப்படியொரு மெசேஜை ஆஷ்லின் எழுதியதே இல்லை. கண்ணம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம் கேக்குது. நான் என்ன பண்ணட்டும் கண்ணு?”