எட்டுப் பேர் மிக்சர்

"நான் எட்டுப் பேருக்கு. ஆளுக்கு ஒரு பிடிதான். அதுல எண்ணெய் எவ்வளவுன்னு என் முதுகுல படிச்சுப் பாரு, இல்லவே இல்லைங்கற மாதிரிதான்" என்று மிக்சர் பாக்கெட் பீற்றிக்கொண்டது.

"அப்ப மிச்சத்தைக் கட்டிவைக்க நான் வேணுமே" என்று ஆணியில் தொங்கிய ரப்பர் பேண்ட் காத்திருந்தது.

டிவி முன்னால் உட்கார்ந்த தணிகாசலம் பாக்கெட்டின் ஓரத்தை லேசாகத்தான் இழுத்தார். அது அடிவரை கிழிந்தது. கடைசித் தூளையும் உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டு எழுந்தார்.

"அளவு மீறினது அவர்தான். என்மேல தப்பே இல்லை" என்றது குப்பைக்கூடைக்குப் போன பாக்கெட்.

ரப்பர் பேண்ட் சிரித்தது. "இழுத்ததும் அடிவரை கிழியற மாதிரி உன்னைச் செஞ்சது யாரு, அவரா? நிஜமாவே எட்டுப் பேருக்குன்னு நினைச்சவன், என்னை மாதிரி ஒண்ணையும் கூடவே அனுப்பியிருப்பானே!"