இடம் மாறிய மலை

“ஏன்க்கா, இந்த மலை எங்க இருக்கு? உன் கனவுலயா?”

துர்துபெக் புதுக் காலண்டரைத் தூக்கிக் காட்டினான். குதிரைப்பால் குடித்துக்கொண்டிருந்த கூடாரமே சிரித்தது.

படத்தில் காட்டுச் செம்மறிக் கூட்டம், பக்கத்தில் ஆறு, பின்னால் இரட்டைச் சிகரம். பள்ளத்தாக்குக்கு இடப்பக்கம் இருக்க வேண்டிய அந்தச் சிகரத்தை சைராகுல் வலப்பக்கம் வரைந்திருந்தாள்.

“ஏழு தலைமுறை முன்னோர் பேரை மறந்தாக்கூட மன்னிச்சிடலாம். பொறந்த மலையை மறப்பாளா ஒருத்தி?” என்றான் இன்னொருவன்.

சைராகுல் வயசுக்குக் கதவுக்கு எதிரே, பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார வேண்டியவள். உட்கார்ந்திருந்தது கதவோரத்தில்.

ஐந்து வருடத்துக்கு முன் மலையை உள்ளபடிதான் வரைந்தாள். அந்தக் காலண்டர் தாளோடு வந்த வேட்டைக்காரர்கள் சிகரத்தை வைத்தே பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்பது ஆடுகளைச் சுட்டார்கள். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் காலண்டர் படத்தில் மலையை மாற்றிப் போடுகிறாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாய் வழியாக எங்கே போகுமோ என்று பயம். மேய்ச்சல் மலையில் கோடை நாலு மாதமும் அவளுக்குப் பேச்சுத் துணை அவள் குதிரைதான்.

வெளியே ஜீப் சத்தம். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு பேர். கையில் அதே காலண்டர் தாள்.

“இந்த இடத்துக்கு எப்படிப் போகணும்?”

ஆடுகள் குட்டிகளோடு இருக்கும் நேரம்.

துர்துபெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இதை நம்பியா வந்தீங்க? வரைஞ்சவ இதோ உட்காந்திருக்கா, கேளுங்க. வெளிய போனா வீடு திரும்பவே இவளுக்கு வழி தெரியாது. குதிரைதான் கூட்டிட்டு வரும்!”

சிரிப்பு அடங்கவே இல்லை. வந்தவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளைக் கசக்கி எறிந்தார்கள். ஜீப் வந்த வழியே திரும்பியது.

ஆடுகள் தப்பின. ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது. தனக்கென்று பேச ஒரு ஆள்கூட இல்லை. எழுந்து குதிரையிடம் போனாள்.

பின்னாலேயே வந்த துர்துபெக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் இப்போது சிரிப்பில்லை. கசங்கிய தாளை அவள் முன்னால் நீவிப் பிரித்தான்.

“அக்கா, அஞ்சு வருஷமா மலையை நாங்க எல்லாரும் சிரிச்சே மறைச்சிட்டோம். அடுத்த வருஷம் ஆத்தையும் மாத்திப் போட்டுடு. படத்துல அது மட்டும் இருந்த இடத்துலயே ஓடுது.”